சவர்க்கார நுரை

கம்பளைக் கடைவீதியில் மழை தூறிக்கொண்டிருக்கிறது. நேற்று எரிவாயுக் குழாய் வெடித்த பேக்கரியின் கருகிய சுவரில் கரித்தண்ணீர் வடிகிறது. வாசற்படியில் யாருடையதோ ஒற்றைச் செருப்பு உருகி ஒட்டிக் கிடக்கிறது. விபத்தை விசாரிக்க வந்த யோசப்பின் என்ற பாதுகாப்பு அதிகாரி, பக்கத்துச் சாப்பாட்டுக்கடையின் குசினிச் சுவருக்குப் பின்னால் குந்தியிருக்கிறாள். இங்கேயும் குழாய் பொருத்தியவன், பேக்கரிக்குப் பொருத்திய அதே ஆள்தான். சற்று முன் குழாயின் மூட்டில் சவர்க்கார நுரையைத் தடவியதுமே அது கொப்புளித்துப் பொங்கியது. அவள் போட்ட சத்தத்தில் முதலாளி வீரமுத்து உள்ளே ஓடிப்போய் சிலிண்டரைப் பூட்டினார். நுரை அடங்கிவிட்டது. இப்போது சின்னக் கண்ணாடியைப் பிடித்து மூட்டின் வெடிப்பைப் பார்க்கிறாள். தகரக் கூரையில் மழை விடாமல் தட்டுகிறது. சுவருக்கு அப்பால் கோப்பைகள் உரசிக்கொள்கின்றன. தாளித்த கறிவேப்பிலை மணத்துக்கு அடியிலிருந்து அழுகிய கோவா இலை போன்ற நாற்றம் மெல்ல எழுகிறது. மூட்டின் ஓரத்தில் ஒரு குமிழி நெல்லிக்காய் அளவுக்கு ஊதி, வானவில் நிறத்தில் நடுங்குகிறது.

"ஐயா, சிலிண்டர் பூட்டித்தானே இருக்கு?"

"இப்பதாங்க மேடம் தொறந்தேன்." குசினிக்குள்ளிருந்து வீரமுத்துவின் குரல் குழைகிறது. "மழையில நனைஞ்சு வந்திருக்கீங்க, வெறும் வாயோட அனுப்புறதா? ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்க."

நெருப்புப்பெட்டி குலுங்குகிறது.