ராசியில்லாத ரசிகர்

“சார், தப்பா நினைக்காதீங்க. ஸ்வல்ப வெளியே போய் இருங்க, கொஞ்ச நேரம்தான்” என்றார் சுதீர்.

சுதீர் பெங்களூர் வைட்ஃபீல்டில் இருந்த அந்த அடுக்ககத்தின் அசோசியேஷன் செக்ரட்டரி. ஞாயிற்றுக்கிழமை, ஒலிம்பிக்ஸ் ஹாக்கி காலிறுதி. கிளப் ஹவுஸில் பெரிய திரை கட்டி, ஊரே நீல ஜெர்சியில் உட்கார்ந்திருந்தது. ஹாக்கி மட்டையைக் கையால் தொட்டுப் பார்க்காதவர்கள்கூட நம்ம டிஃபென்ஸ் சரியில்லை என்று காலையிலிருந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வெளியே போகச் சொன்னது சேஷகிரியை. பாவம், ரிடையரான மனிதர். தொளதொள ஜெர்சியை மாட்டிக்கொண்டு அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

“அவர் ஏன் போகணும்?” என்றாள் வைஷ்ணவி. சேலத்துப் பெண். குடிவந்து இரண்டு வாரம்தான் ஆகிறது.

“உங்களுக்குத் தெரியாது மேடம். சார் பாத்தா இந்தியா தோத்துடும். லீக் மேட்ச் பாத்தார், போச்சு. வில்வித்தை பாத்தார், அதுவும் போச்சு. பேட்மிண்டன்ல ஜெயிச்சிட்டிருந்த பொண்ணு, இவர் வந்து உட்கார்ந்ததும் கால் பிசகி விழுந்துட்டா.”

“நீங்க டேட்டா சயின்டிஸ்ட்தானே சார்?”

“சயின்ஸ் வேற, செமி ஃபைனலுக்குப் போறது வேற மேடம்” என்றார் சுதீர். கூட்டம் கைதட்டியது.

சேஷகிரி எழுந்தார். “பரவால்லம்மா. நாடு ஜெயிச்சா சரி” என்று சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியேறினார்.

வைஷ்ணவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு படித்து என்ன பிரயோஜனம்?

கொஞ்ச நேரத்தில் இந்தியா முதல் கோல் போட்டது. கடைசி வரிசையிலிருந்து காதைக் கிழிக்கும் நீள விசில். திரும்பிப் பார்த்தாள். தண்ணீர் கேன் பக்கத்தில் யாரோ ஒரு இளைஞன் ஜெர்சி பறக்கக் குதித்துக்கொண்டிருந்தான்.

“பாத்தீங்களா? அவர் போனார், கோல் விழுந்தது” என்றார் சுதீர்.

அடுத்த கோலை எதிரணி போட்டது. இதற்கும் விசில், குட்டையாக இரண்டு. எந்தக் கட்சிக்காரன் இவன் என்று சிலர் முறைத்தார்கள்.

இடைவேளையில் வைஷ்ணவி ஒரு தட்டில் சமோசாவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சேஷகிரியைக் கையோடு கூட்டிவந்து, நடுவரிசையில் உட்காரவைத்து, சுதீரை நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று முடிவு.

வீட்டில் அவர் இல்லை. பார்க்கிலும் இல்லை. மெயின் கேட்டில், செக்யூரிட்டி நாற்காலியில் இருந்தார். ஜெர்சியைக் காணோம், கட்டம்போட்ட சட்டை. சாப்பாடு கொண்டுவந்த டெலிவரி பையனுக்குத் தடுப்புக் கம்பியைத் தூக்கிவிட்டு, “ஹோகி, ஹோகி” என்று கன்னடத்தில் போகச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்.

“சார், இங்கே என்ன பண்றீங்க? உங்க ஜெர்சி எங்கே?”

“மேட்ச் பாக்கப் போயிருக்கு.”

அவள் விழித்தாள். அவர் சமோசாவை எடுத்துக்கொண்டார்.

“நம்ம செக்யூரிட்டி பிகாஷ் ஒடிசாக்காரன்மா. டீம்ல டிஃபென்ஸ் ஆடறானே ஒரு பையன், அவன்கூட ஒரே பள்ளிக்கூடத்துல ஆடினவன். பிகாஷ் மேட்ச் பாக்கட்டும், கேட்டை நான் பாத்துக்கறேன்னு மீட்டிங்ல கேட்டேன். ஓனர் போய் கேட்ல உட்கார்ந்தா நம்ம மானம் என்னாகும்னு சுதீர் முடியவே முடியாதுன்னுட்டார்.”

“அதுக்காக ராசியில்லாதவர்னு பேர் வாங்கிக்கணுமா?”

“சும்மா எழுந்து வந்தா யாராவது தேடிக்கிட்டு வருவாங்க. ராசியில்லாதவனை யார் தேடப்போறா? நான் பாத்தாலே தோக்குதுன்னு குரூப்ல முதல்ல போட்டது நான்தான். மிச்சத்தை அவங்களே பாத்துக்கிட்டாங்க.”

“உள்ளே அவனை யாராவது கண்டுபிடிச்சிட்டா?”

“தினம் நமக்கு சல்யூட் வைக்கறான். யூனிஃபார்ம் தெரியலேன்னா அவன் மூஞ்சி அங்கே யாருக்கும்மா தெரியும்?”

வைஷ்ணவிக்குச் சுருக்கென்றது. தண்ணீர் கேன் பக்கத்தில் குதித்தவனை அவளும்தான் நன்றாகத் திரும்பிப் பார்த்தாள்.

“நீங்க போன்லயாவது பாக்கலாமே சார்?”

“கேட் டூட்டில போன் பாக்கக்கூடாது. நம்ம அசோசியேஷன் ரூல்” என்று கண் சிமிட்டினார். “விசில் அவன்கிட்ட இருக்கு. நீளமா ஒண்ணுன்னா நம்ம கோல். குட்டையா ரெண்டுன்னா அவங்க கோல். இப்ப ஒண்ணுக்கு ஒண்ணு, சரியா?”

சரிதான். அவள் பக்கத்துத் திட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

கார்கள் வந்தன, போயின. சேஷகிரி கம்பியைத் தூக்கினார், இறக்கினார், காது மட்டும் கிளப் ஹவுஸ் பக்கம். ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கும். உள்ளே திடீரென்று சத்தமே இல்லை. வைஷ்ணவி நகத்தைக் கடித்தாள்.

ஹோவென்று ஒரு கூச்சல். சந்தோஷமா, துக்கமா?

அப்புறம் விசில். ஒன்று. நீளமாக, மூச்சு முட்டும்வரை, விடாமல்.

சேஷகிரி துள்ளி எழுந்து, வண்டியே இல்லாத ரோட்டுக்குக் கம்பியை மேலே தூக்கிப் பிடித்தார்.

வைஷ்ணவி உள்ளே ஓடியபோது இந்தியா ஜெயித்து முடித்திருந்தது. தொளதொள ஜெர்சி ஒன்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைக் கடந்து கேட்டுப் பக்கம் ஓடியது. யாரும் கவனிக்கவில்லை.

“இப்பவாவது நம்பறீங்களா மேடம்?” என்றார் சுதீர், வெற்றிக் களிப்பில்.

“நம்பறேன் சார்” என்றாள் வைஷ்ணவி. “செமி ஃபைனலுக்கும் அவரை உள்ளே விட்டுடாதீங்க.”