முக்காடு

மகள் பெர்சியை அவசரப் பிரிவுக்குள் கொண்டுபோனதுமே சேலைத் தலைப்பை முக்காடாகப் போட்டுக்கொண்டு ஜெபத்தைத் தொடங்கிய சாலொமி, இன்னும் ஆமென் சொல்லவில்லை. ஆமென் சொல்லாமல் முக்காட்டை எடுக்கக் கூடாது என்பது அவள் பிறந்த வீட்டுப் பழக்கம். மருத்துவர் வந்து கையை விரித்தபோதும் எடுக்கவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டிப் பெட்டியில் கிடத்தியபோதும் ஒரு கை தாடைக்குக் கீழே சேலையை இறுக்கிப் பிடித்திருந்தது. மறு கைதான் பிள்ளையின் தலையைத் துவட்டியது.

கல்லறைத் தோட்டத்தில் போதகர் ஜெபித்து முடித்ததும் எல்லோரும் ஆமென் என்றார்கள். அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

கணவன் அருமைராஜ் குனிந்து ஒரு பிடி மண் அள்ளினான். "நீயும் அள்ளிப் போடு, சாலொமி. போதும், ஜெபத்த முடிச்சிரு."

"எப்பிடி முடிக்க? இப்ப ஆமென்னு சொல்லிட்டா, இதுதான் பதில்னு குடுத்துட்டு அவரு போயிருவாருல்லா?"

முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். "ஆண்டவரே, நான் இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். போயிராதேயும்."

அருமைராஜ் அள்ளிய மண்ணைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.