ஒற்றைப் பொத்தான்

இந்தக் கண்ணாடி அறையின் ஜன்னல் திறக்காது. மதிய வெயில் மேசைமேல் அசையாமல் கிடக்கிறது. மனம் சோர்ந்தவர்கள் தினமும் குறிப்பெழுத நான் உருவாக்கிய செயலியை மேலாளர் என் தோளுக்கு மேல் குனிந்து பார்க்கிறார். எழுதி முடித்ததும் திரை, 'மனம் லேசாகிவிட்டதா?' என்று கேட்கிறது. கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். "இல்லைன்னு ஒண்ணு எதுக்கும்மா? நாளைக்கு இதுல பணம் போடப் பார்க்க வர்றவங்க முன்னாடி மானத்த வாங்கவா? தூக்கிடு." "லேசாகலைன்னா எதை சார் அழுத்துவாங்க?" "ரொம்பப் படிச்சுட்ட நீ." எங்கள் வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான், வீடு நிற்பதும் இந்த வேலையில்தான். பல்லைக் கடித்துக்கொண்டு 'இல்லை'யைத் தூக்குகிறேன். அவர் வெளியே போகிறார். சோதித்துப் பார்க்க ஏதாவது எழுத வேண்டுமே. 'மூச்சு முட்டுகிறது, போக வழியில்லை' என்று எழுதுகிறேன். மனம் லேசாகிவிட்டதா என்கிறது திரை. ஆம் அழுத்தாமல் அந்தத் திரை மூடாது. அதற்குள் அம்மா போனில் அழைக்கிறாள். "வேலையெல்லாம் நல்லா இருக்காடி?" "ம்... நல்லா இருக்கும்மா." அவள் வைத்ததும் மறுபடி அதே கேள்வி, அதே ஒற்றைப் பொத்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று மேலாளர், வேலை செய்கிறதா என்று கையை ஆட்டிக் கேட்கிறார். ஆம் என்பதை அழுத்துகிறேன். நன்றாகத்தான் வேலை செய்கிறது.