நாலாம் மாடி ஸ்கேனர்

“மேலே கம்ப்யூட்டர்ல ஸ்கேனர் மறுபடியும் தெரியலையாம். போய்ப் பாரு,” என்று போனை வைத்தார் பர்கத்துல்லா பாய்.

கடையில் ரிப்பேர் வேலை பார்க்கும் ஆல்பினுக்கு எரிச்சலாக வந்தது.

பசுந்தாங் பேட்டையில் பாயின் கம்ப்யூட்டர் கடைக்கு மேலே, நாலாம் மாடியில் சத்யபாமா அக்கா. பிறப்புச் சான்றிதழ், குடும்பப் பட்டியல் என்று வருவதையெல்லாம் ஸ்கேன் செய்து மொழிபெயர்த்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. போன மாதம் அவளுடைய கம்ப்யூட்டருக்குப் புது விண்டோஸ் ஏற்றியவன் ஆல்பின். அன்றிலிருந்து இது ஐந்தாவது புகார். அதுவும் அவன் வீட்டுக்குப் போக தின்கன்ஜூன் பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரமாகப் பார்த்து வரும்.

“காலையில பார்க்கட்டுமா பாய்?”

“நீ ஏத்தின சிஸ்டம், நீதான் பதில் சொல்லணும். சரி பண்ணாம கீழே இறங்கினே, நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே.”

பாய் சும்மா மிரட்டுகிறவர் இல்லை. ஆல்பின் சம்பளத்தை நம்பித்தான் வீட்டில் அம்மாவும் தங்கையும். முணுமுணுத்துக்கொண்டே நாலு மாடியும் ஏறினான்.

தட்டுவதற்கு முன்பே அக்கா கதவைத் திறந்தாள். மேசையில் ஒரு தட்டு அத்தோ நூடுல்ஸ் தயாராக இருந்தது. முதலில் சாப்பிடு, அப்புறம் பார்க்கலாம் என்றாள். ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். அந்தக் கைப்பக்குவத்துக்கு முன்னால் கோபத்தைக் காட்ட முடியாமல் சாப்பிட்டு முடித்தான்.

திரையில் ஸ்கேனர் இணைக்கப்படவில்லை என்ற அதே பல்லவி. டிரைவரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். ஒன்றும் நடக்கவில்லை. அவசரமில்லை தம்பி, நிதானமாகச் செய் என்றாள் அக்கா. அவளுக்கென்ன, பஸ்ஸை விடப்போவது இவன்தானே.

கடைசியில் ஸ்கேனரைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். வயர் கழன்று கிடந்தது. அசையக்கூடாது என்று போன வாரம் அவனே அதில் டேப் சுற்றிவிட்டுப் போயிருந்தான். அந்த டேப்பைக் கத்தரிக்கோலால் யாரோ நேராக வெட்டியிருந்தார்கள்.

வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

“இது தானா கழண்டது இல்லக்கா. நீங்க வெட்டியிருக்கீங்க. என் வேலைக்கு உலை வைக்கணும்னு என் மேலே அப்படி என்ன கோபம்?”

அக்கா காலித் தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். கூடப் பிறந்தவள் போல நினைத்திருந்தவள் இப்படிச் செய்துவிட்டாளே என்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

அப்போது அவள் போன் அடித்தது. பாய்தான். நல்லதாய்ப் போயிற்று, இவள் குட்டை இப்போதே உடைத்துவிடலாம் என்று அவள் கை நீட்டுவதற்குள் ஆல்பின் எடுத்தான். அவன் வாய் திறப்பதற்குள் பாய் தணிந்த குரலில் முந்திக்கொண்டார்.

“தங்கச்சி, பட்டாளத்துக்கு வலுக்கட்டாயமா ஆள் பிடிக்கிற வண்டி இன்னும் தெருமுனையிலதான் நிக்குது. ஆல்பின்கிட்ட சொல்லிடாதே, பதறி ஓடுவான். ஓடுறவனைத்தான் முதல்ல பிடிப்பாங்க. வயரைச் சொருகிட்டான்னா, நீ இன்னொரு தடவை பிடுங்கி விடும்மா.”