ஒயிட்னர் பூசின அப்பா

"முகத்தை எவன் வேணா வரைஞ்சுடுவான்டா. கையை வரையறவன்தான்…" என்று தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் ஏதோ சொல்வார். பின்பாதி ஓவியருக்கு மறந்தே போய்விட்டது. முன்பாதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷம் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தார்.

சபைப் பிள்ளைகளுக்கு ஒரு படப் புத்தகம் வேண்டும் என்று போதகர் கேட்டதும், பலகையில் வரையக் கிடைக்காத கைகளையெல்லாம் அதில் வரைந்து தீர்த்தார். பக்கத்துக்குப் பக்கம் ஓர் அப்பா. மகளைத் தூக்குகிறார், தலை துவட்டுகிறார், ஷூ லேஸ் கட்டிவிடுகிறார். கடைசிப் பக்கத்தில் மட்டும் அப்பா இல்லை. மேகத்திலிருந்து இறங்கி வரும் இரண்டு பெரிய கைகள், அவற்றின் நடுவே அந்தக் குழந்தை. கீழே ஒரு வரி: 'கடவுளும் அப்பாதான்.'

சபையே மெச்சிய புத்தகம். அதில் ஒரு பிரதி இப்போது அவர் மடியில் பாழாய்க் கிடந்தது.

ஒரு பக்கம் விடாமல், அப்பாவின் இடது கையை யாரோ ஒயிட்னர் வைத்துத் தோள்வரை அழித்திருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போனது வாயாடிதான். ஞாயிறு வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பொடிசு. அம்மா கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார். அப்பா இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இன்றைக்கு ஆராதனை முடிந்ததும் சபைக்கு முன்னால் இந்தப் புத்தகத்தை வாசிக்க அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தேர்ந்தெடுத்த நாளிலிருந்து எதிரில் வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

லேஸ் கட்டும் பக்கம் இன்னும் மோசம். லேஸின் ஒரு நுனியைப் பேனாவால் நீட்டி, அப்பாவின் வாய்க்குள் செருகியிருந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சபை மூப்பர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "பெத்த அப்பனை நாய்க்குட்டி ஆக்கிட்டா. அதுகூடப் போகட்டும். கடைசிப் பக்கத்தைப் பாருங்க. கடவுளுக்கே ஒரு கையைக் காணோம்."

ஓவியர் பார்த்தார். அந்தக் கை சரியாக வர எத்தனை தாளைக் கிழித்துப் போட்டிருப்பார். இவள் வாசிக்க வேண்டாம், வேறு பிள்ளையைக் கூப்பிடுங்கள் என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். போதகர் கொஞ்சம் பொறுக்கச் சொன்னது எடுபடவில்லை.

வாயாடியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்கள். அவள் அழவில்லை. உதடு மட்டும் ஒருமுறை கோணியது.

"எங்க அப்பா இன்னைக்கு லீவு போட்டுட்டு வர்றாரு. நான் வாசிக்கறதைக் கேக்க."

"வரட்டும். அவரையே கேப்போம்" என்றார் மூப்பர்.

வெளியே கேட் திறக்கும் சத்தம். "அப்பா" என்று வாயாடி ஓட்டமெடுத்தாள். ஓவியர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

மழைக்கோட்டுப் போட்ட, வாட்டசாட்டமான ஆள். ஓடிவந்தவளின் ஷூ அவிழ்ந்திருந்ததைக் கண்டதும் படியில் உட்கார்ந்து, அவள் காலைத் தூக்கித் தன் முழங்காலில் வைத்துக்கொண்டார். லேஸின் ஒரு நுனியை வலது கையில் பிடித்தார். குனிந்து, மறு நுனியைப் பல்லால் கவ்வினார். ஒரே இழுப்பு, முடிச்சு விழுந்தது.

கோட்டின் இடது கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தது.

மகளை அந்த ஒற்றைக் கையிலேயே வாரி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். நடந்ததைப் போதகர் தயங்கித் தயங்கிச் சொல்ல, அவர் முகம் கறுத்தது. மில்லில் போன கை, இவள் பிறப்பதற்கு முன்பே போனது, இவள் இப்படிச் செய்வாள் என்று தெரியாது என்றார். மன்னிப்புக் கேள் என்று மகளிடம் மெதுவாகச் சொன்னார்.

"நான் எதுக்குக் கேக்கணும்? புக்குல இருந்த அப்பா தப்பா இருந்தாரு. நான் திருத்தினேன்."

மூப்பரின் குரல் இப்போது பாதியாக இறங்கியிருந்தது. ஆனாலும் விடவில்லை.

"அது சரி பாப்பா. அப்பா படத்தை மாத்தினே, புரியுது. ஆண்டவர் உன்னை என்ன பண்ணினாரு? அவர் கையை எதுக்கு அழிச்சே?"

வாயாடி அப்பாவின் கையில் உட்கார்ந்தபடியே மூப்பரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்க அப்பாவே என்னை ஒரு கையால தூக்கறாரு. கடவுளுக்கு ரெண்டு கை வேணுமா?"

போதகருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

ஓவியர் எழுந்து போய், அந்தப் பிரதியை அவளிடமே நீட்டினார்.

"நீயே வாசிம்மா. சத்தமா வாசி."

வாசித்தாள். அப்பாவின் கையைவிட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்து, எல்லார் தலைக்கும் மேலே உட்கார்ந்துகொண்டு வாசித்தாள். ஒவ்வொரு பக்கத்தையும் திருப்பிச் சபைக்குக் காட்டினாள். கடைசிப் பக்கத்தை உயர்த்திப் பிடித்தபோது பின்வரிசையில் யாரோ எழுந்து கைதட்ட, வரிசை வரிசையாக எல்லாரும் எழுந்தார்கள். மூப்பரும்தான். கட்டடமே அதிர்ந்தது.

அப்பா மட்டும் தட்டவில்லை. அவர் கையில் மகள் இருந்தாள்.

அடுத்த வாரம், மறுபதிப்புக்குப் படங்களைக் கேட்டு அச்சகத்திலிருந்து ஆள் வந்தார். மற்றப் பக்கங்களைப் பழையபடியே கொடுத்த ஓவியர், கடைசிப் பக்கத்தை மட்டும் புதிதாக வரைந்து கொடுத்தார்.

ஒரே ஒரு கை.