பொன்பழுப்புத் துகள்

மூன்றாவது முறையாகக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார் தலைமை மருத்துவர்.

“முடிஞ்சுதாம்மா?”

“இன்னும் அஞ்சு நிமிஷம் சார்.”

அவர் போகவில்லை. ஜன்னலைத் திறந்தார், மூடினார். மேசையில் ஒழுங்காகவே இருந்த பெட்டிகளை எடுத்து மறுபடி அடுக்கினார்.

நுண்ணோக்கியில் குனிந்திருந்தவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. பரிசோதனைக் கூடத்தில் மருத்துவராகச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. வெறும் எண் எழுதிய ஒரு ஸ்லைடைக் கொடுத்து, “புராஸ்டேட்ல ஊசி போட்டு எடுத்த சதை, நீயே பாரு” என்று சொல்லியிருந்தார். முப்பது வருடமாக இதிலேயே ஊறியவர். தன்னை ஆழம் பார்க்கிறார் என்றே நினைத்தாள்.

துணுக்கின் பெரும்பகுதி சாதுவாகத்தான் இருந்தது. சுரப்பிகளைச் சுற்றி ஒழுங்காக இரண்டு வரிசை செல்கள்.

ஓர் ஓரத்தில் மட்டும் சுரப்பிகள் முண்டியடித்துக்கொண்டு நின்றன. உட்கருக்கள் பருத்து, கறுத்து, கோணல்மாணலாக.

‘புற்று’ என்று எழுதிவிட்டாள்.

மனம் ஒப்பவில்லை. இவ்வளவு கோரமான செல்களில் ஒன்றுகூடப் பிளந்து பெருகக் காணோமே? லென்ஸை மாற்றினாள். திருகை மயிரிழை அளவு நகர்த்தினாள்.

செல்களுக்குள் பொன்பழுப்பில் பொடிப்பொடியாகத் துகள்கள்.

இது புராஸ்டேட்டே இல்லை. அதன் பின்னால் ஒட்டியிருக்கும் விந்துப்பை; இந்தத் துகள்தான் அதன் அடையாளம். ஊசி கொஞ்சம் தள்ளிப் போய் அதையும் கிள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. வயது ஏற ஏற அதன் செல்கள் இப்படித்தான் விகாரமாகும். யாரையும் ஒன்றும் செய்யாது.

எழுதியதை அடித்தாள்.

“புற்று இல்ல சார், விந்துப்பை. நீங்களே பாருங்க, துகள் தெரியுது.”

அவர் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

“காலையில இருந்து நாலு தடவை பார்த்துட்டேன். எனக்கு இது கண்ணுலயே படலம்மா.”

அவளுக்கு நம்ப முடியவில்லை. மற்ற கூடங்களில் குழம்பிப்போனால் ஸ்லைடை அனுப்புவதே இவரிடம்தான்.

அவர் நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார். கைப்பேசியில் வீட்டு எண்ணை இரண்டு முறை தப்பாக அழுத்தினார். மூன்றாவது முறை மனைவி எடுத்தார்.

“அழாத, சொல்றதைக் கேளு,” என்றார். “எனக்கு ஒண்ணுமில்லையாம்.”