மூன்று குழாய் மண்

இரண்டு பவளத் துண்டுகளையும் உடைந்த வாயோடு வாய் வைத்துப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தின.

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

ஒரு துண்டு முதல் குழாயின் அடிமண்ணில் கிடைத்தது. மற்றது இரண்டாம் குழாயின் மேல்மண்ணில். முதல் குழாயில் 'மேடையின் முதல் கால்' என்று சீட்டு ஒட்டியிருந்தது, அடுத்ததில் 'இரண்டாம் கால்'. கடலில் எழப்போகிற எண்ணெய் மேடையின் கால்களை ஊன்றும் அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே, கடலடியில் நூற்றைம்பது அடி தூரம்.

காலையில் சோதனைக்கூடத்தில் மூன்று குழாய் மண்ணையும் கருவியில் வைத்து அமுக்கியபோதே அவளுக்கு உறுத்தியது. மூன்றும் ஒரே எடையில் நொறுங்கின.

இந்த மண் அப்படி ஒத்துப்போகிற ரகம் இல்லை. பார்வைக்கு மணல், உண்மையில் செத்த சிப்பியும் பவளமும். ஒவ்வொரு மணியும் உள்ளே பொள்ளல். எடை ஏற்ற ஏற்றப் பாறை மாதிரி நிற்கும். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கி உள்வாங்கும். எந்த எடையில் என்பது பத்தடிக்குப் பத்தடி மாறும்.

அதன்மேல் நிற்கப்போவது எண்பது பேர் படுத்துறங்கும் மேடை.

கப்பலில் இருந்து கடலடியில் துளை போட்டு மண் எடுக்கும் மேஸ்திரிக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஒரே ஒரு துளை போட்டு, அந்த மண்ணையே மூணு குழாயிலயும் அடைச்சு அனுப்பினீங்களா?"

"அலை ஆளை நிக்கவே விடலை. எல்லாம் ஒரே கடல்தானே, மண்ணு மட்டும் மாறிடவா போகுது? பேசாம எழுதி அனுப்பு."

சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

போனை மேசையில் அறைந்தாள். எடைக்கற்கள் குலுங்கின.

அறிக்கைத் தாளை இழுத்துப் போட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு, தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினாள். மூன்று குழாயிலும் இருப்பது ஒரே குழியின் மண். சீட்டுகள் பொய். இதை நம்பி ஒரு காலைக்கூட ஊன்றக் கூடாது.

இந்தத் தாள் மேலே போனால் மேஸ்திரிக்கு வேலை போய்விடும். இனி எந்தக் கப்பலும் அவரை ஏற்றாது. அவளுக்கு அது நன்றாகவே தெரியும்.

போகட்டும்.

'மண் எடுத்தவர்' என்ற கட்டத்தில் அவர் பெயரை எழுத்தெழுத்தாக நிறுத்தி எழுதினாள். 'சோதித்தவர்' என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினாள்.

அதன் பின்னால், கல்யாணமான நாளிலிருந்து பதினோரு வருஷமாக எழுதிவருகிற பழக்கத்தில், கை தானாகவே மறுபடியும் அவர் பெயரை எழுதியது.